நடுவட்டத்துப் பட்டை: நீலகிரிச் சின்கோனாவும் சீனக் கைதிகளும்

காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பான பட்டைகளில் சின்கோனா அளவுக்கு ஊர் சுற்றியது வேறொன்றில்லை. ஆண்டிஸ் மலைச்சரிவில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இந்த மரத்தின் பட்டையை 17ஆம் நூற்றாண்டில் சேசு சபைத் துறவிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சீனாவுக்கும் அவர்கள் கைவழியாகவே போய்ச் சேர்ந்தது. 1693இல் பேரரசர் காங்ஷி முறைக்காய்ச்சலில் படுத்தபோது, துறவிகள் கொடுத்த பட்டையை முதலில் பிறருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு அவரும் உட்கொண்டார், குணமானார். நன்றிக்கடனாகப் பெய்ஜிங்கில் அவர்களுக்கு இடமும் அளித்தார். 1765இல் ட்சாவ் ஷுவேமின் பழைய மருந்து நூலுக்கு எழுதிய துணைநூலில் ‘ஜின்ஜிலெ’ என்ற பெயரில் இப்பட்டை இடம்பெற்றது. வெளிநாட்டுச் சரக்கு இவ்வாறு சீன மருத்துவத்தின் சரக்காயிற்று.

அடுத்த நூற்றாண்டில் அதே மரத்தை நீலகிரியில் வளர்க்க உழைத்தவர்களிலும் சீனர்கள் இருந்தார்கள், கைதிகளாக. தமிழ்நாட்டுச் சின்கோனா வரலாற்றில் குறைவாக எழுதப்பட்ட பகுதி இதுதான். அதனால் இக்கட்டுரை அங்கே சற்று நின்றுதான் மேலே செல்கிறது.

1820இல் பாரிசில் வேதியியலாளர்கள் பெல்லத்தியே, கவாந்து இருவரும் பட்டையிலிருந்து காய்ச்சலைத் தணிக்கும் சத்தான கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பின் அது பேரரசுகளின் படைத்தேவைப் பொருள் ஆயிற்று. இந்தியாவில் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் வாங்கிய மருந்தின் செலவு ஏறிக்கொண்டே போக, 1859இல் இந்திய அலுவலக அதிகாரி கிளெமென்ட்ஸ் மார்க்கம் சின்கோனாச் செடிகளைத் திரட்டத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பெரு, பொலிவியாப் பக்கம் திரட்டிய செடிகள் 1860 அக்டோபரில் ஊட்டிக்கு வந்து பட்டுப்போயின. ஈக்வடாரில் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் திரட்டி, தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் 1861இல் கொண்டுவந்து சேர்த்த சிவப்புப் பட்டை இனம் பிழைத்தது. பாராட்டும் பட்டமும் பெரும்பாலும் மார்க்கமுக்கே போயின. நீலகிரி மண்ணில் வேர்விட்டதோ ஸ்புரூஸின் செடி.

அதை மண்ணில் நிலைக்க வைத்தவர் ஊட்டி அரசுத் தோட்டக் கண்காணிப்பாளர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். தொட்டபெட்டாவிலும், ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் பாதையில் உள்ள நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. அவர் கண்ட முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மரத்தை வெட்டிச் சாய்க்காமல், தண்டில் நெடுக்குவாட்டில் கத்தியால் கீறி, ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாக நாடாபோல் உரிப்பார்கள். கீறிய இடத்தில் வெளுப்பாகக் கசியும் சாறு காற்றுப்பட்டதும் சிவந்துவிடும். உரித்த இடத்தின் மேல் ஈரப் பாசியை வைத்துக் கட்டிவிட்டால், உள்ளே புதுப்பட்டை வளரும். பழையதைவிட அதில் மருந்துச் சத்தும் கூடுதல். முறை நுட்பமானது. ஆனால் மரம் மரமாகப் பாசி சுமந்து போய்க் கட்ட எத்தனை கைகள் வேண்டும்!

அக்கைகளில் ஒரு பகுதி சீனக் கைதிகளுடையது. அபினிப் போர்களில் பிடிபட்ட போர்க் கைதிகள் இவர்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்த குறிப்பு வேறு கதை சொல்கிறது: பிரிட்டிஷாரின் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்று, அங்கே சிறைகளில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். தர்ஸ்டன் கூற்றையே நான் ஏற்கிறேன். நீரிணைக் குடியேற்றங்களுக்கும் இந்தியச் சிறைகளுக்கும் இடையே கைதிகளை மாற்றிக்கொள்வது அக்கால நிர்வாகத்தின் வழக்கம். 1860களில் புயல் மழை இரவொன்றில் பன்னிரண்டு சீனர்கள் நீலகிரிச் சிறையிலிருந்து தப்பி, பிறகு மலபாரில் பிடிபட்ட செய்தி மாவட்ட ஏடுகளில் விரிவாக இருக்கிறது. தப்பிய பன்னிருவரைப் பற்றி அவ்வளவு எழுதியவர்கள், ஆண்டுக்கணக்கில் குழி தோண்டிப் பாசி கட்டியவர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை.

விடுதலையானவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். தர்ஸ்டன் 1890களில் இக்குடும்பங்களைத் தேடிப்போய்த் தலையையும் மூக்கையும் அளந்தார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அந்தத் தாய்மார்களைச் சாதிப்பெயரால் மட்டும் குறித்தார். அளவுகள் கிடைத்தன, அவர்கள் வாயால் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. நமக்கு இழப்பு அதுதான்.

        

பட்டைக்குத் திரும்புவோம். 1866இல் அமைத்த ஆய்வுக் குழு, கொயினாவோடு பட்டையிலுள்ள மற்ற மூன்று காரப்பொருள்களும் காய்ச்சலைத் தணிக்கும் என்று கண்டது. சிவப்புப் பட்டையில் கொயினா குறைவு, மற்றவை அதிகம் என்பதால், ஏழைகளுக்கு மலிவு மருந்து தர இந்த முடிவு பெரிய வாய்ப்பு. ஆனால் அஞ்சலகங்களில் ஒரு பைசாப் பொட்டலமாகக் கொயினா விற்கத் தொடங்கியது 1892இல்தான், அதுவும் வங்காளத்தில். முதல் செடி ஊன்றி முப்பது ஆண்டுக்குப் பிறகு! அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. பொலிவியாவில் மானுவல் இங்க்ரா மமானி திரட்டிக்கொடுத்த விதைகளை வணிகர் சார்லஸ் லெட்ஜர் விற்க, 1865இல் டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அவ்வினத்தில் கொயினா 10 விழுக்காட்டையும் தாண்டியது. மமானியோ சொந்த நாட்டில் சிறைப்பட்டு, அடிபட்டு இறந்தார்.

காப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் இலங்கைத் தோட்டக்காரர்களும் சின்கோனாவில் இறங்க, 1880களில் பட்டை குவிந்து விலை சரிந்தது. பட்டையிலிருந்து கொயினா எடுத்த நடுவட்டத் தொழிற்சாலை அரசு ஆதரவால் தாக்குப்பிடித்தது. பின்னர் ஆனைமலையிலும் தோட்டம் விரிந்தது. 1942இல் ஜாவா ஜப்பான் வசமானதும் தமிழ்நாட்டுப் பட்டைக்கு மறுபடி மதிப்பு வந்தது. போருக்குப் பின் குளோரோகுயின் என்ற செயற்கை மருந்து அந்த மதிப்பைக் கரைத்துவிட்டது. வால்பாறைக்கு அருகே ‘சின்கோனா’ என்றே பெயர்பெற்ற ஊரில் இன்று அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைதான் விளைகிறது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தரவென்றே உருவான நிறுவனம் அது.

இனிச் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. நீரிணைக் குடியேற்றங்களின் நாடுகடத்தல் ஆவணங்கள், சென்னை மாகாணச் சிறை அறிக்கைகள், நடுவட்டத் தோட்டத்தின் ஆண்டறிக்கைகள் ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துப் படிக்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்துக் குடும்ப நினைவுகளையும், முடிந்தால் அந்தத் தாய்மாரின் வழிவந்தவர்களிடமிருந்து, கேட்டுப் பதிய வேண்டும். மெக்ஐவரின் பாசிக்கட்டு முறையைப் பற்றி நாம் அறிந்த அளவுக்காவது, அதைக் கட்டியவர்களின் பெயர்களையும் அறிய அதுவே வழி.