ஒலிபெருக்கிக்கு இட்ட வேலி



பயிருக்கு வேலி வேண்டும் என்பது நம் உழவர் யாவரும் அறிந்தது. ஆயின், காற்றும் வெயிலும் புகாவண்ணம் வேலியை அடைத்து எழுப்பிவிட்டால் உள்ளே நிற்கும் பயிர் வெளிறிப்போகும். காக்கவும் வேண்டும், அடைத்துவிடவும் கூடாது. இவ்விரு கடமைகளையும் ஒருங்கே ஏற்று நிற்கும் சிறு பொருளொன்று நம் வீடுகளில் உண்டு. ஒலிபெருக்கியின் முகத்தில் இடப்படும் துளைத் தகடு அல்லது கம்பி வலையே அது. நாம் அதனூடாகவே கேட்கின்றோம். எனினும் அதனை ஒருபொழுதும் உற்று நோக்குவதில்லை. தம் கையாலேயே ஒலிபெருக்கிப் பெட்டி செய்துகொண்ட எளிய மக்களின் வரலாற்றோடு சேர்த்து, அதன் வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

ஒலிபெருக்கி தோன்றிய காலத்தில் அதற்கு வேலி தேவைப்படவில்லை. காந்தத்தின் இடையே தொங்கும் கம்பிச் சுருள் மின்னோட்டத்துக்கேற்ப அசையும் என்னும் அமைப்பை ஜேர்மனியரான வேர்ணர் சீமென்ஸ் 1874ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமைப் பத்திரமொன்றில் விவரித்தார். இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜ் 1898இல் அவ்வழியைப் பின்னும் ஒருபடி முன்னெடுத்துச் சென்றார். 1915இல் கலிபோர்னியாவிலுள்ள நாபா என்னும் ஊரில், டென்மார்க்கிற் பிறந்த பீற்றர் ஜென்சனும் அவர்தம் துணைவரான எட்வின் பிரிடாமும் இத்தகைய சுருளை ஓர் அதிர்தகட்டோடும் நீண்ட குழலோடும் இணைத்தனர். "பெருங்குரல்" என்னும் பொருள்படும் "மக்னவொக்ஸ்" என்ற இலத்தீன் பெயர் அதற்கு வாய்த்தது. 1919இல் சான் டியாகோ நகரிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் பெருங்கூட்டத்தின் முன் ஆற்றிய உரையை மக்கள் கேட்டது இக்கருவியின் வழியாகவே.

அக்காலக் கருவிகளில் அதிர்தகடு குழலின் அடியிலே, ஒடுங்கிய கழுத்துக்கு அப்பால் மறைந்திருந்தது. சிறுவன் ஒருவன் விரலை நீட்டினாலும் அதனைத் தொட இயலாது. குழலே அதற்கு ஒலியையும் தந்தது, காவலையும் தந்தது. நம் கோயில் திருவிழாக்களிலே தென்னை மரத்தில் கட்டி வைக்கப்பெறும் குழல் ஒலிபெருக்கி மழைக்கும் தூசுக்கும் பெரிதும் அஞ்சாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

இந்நிலையை மாற்றியவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இரு பொறியியலறிஞர்கள். குழலை அறவே நீக்கிவிட்டு, விளிம்பிலே மென்மையாகத் தாங்கப்பட்ட ஒரு கடதாசிக் கூம்பைக் கம்பிச் சுருளால் அசைத்து, அதுவே நேரே காற்றைத் தள்ளுமாறு செய்தனர். 1925இல் தம் ஆய்வை அறிஞர் கழகத்தின் முன் வைத்தனர். மறு ஆண்டே அது "றேடியோலா 104" என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. குழல்களின் மூக்கொலி நீங்கி, மனிதக் குரல் மனிதக் குரலாகவே ஒலித்தது. நூறாண்டுகள் கடந்த பின்னரும் நம் வீடுகளிலுள்ள ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அவ்விருவர் வகுத்த நெறியிலேயே இயங்குகின்றன.

ஆயின், ஒலி தெளிவடைந்தபோது கருவி நலிவடைந்தது. முன்னே மறைந்திருந்த உறுப்பு இப்போது முற்றத்துக்கே வந்துவிட்டது. கடதாசிக் கூம்பு எடை குறைந்திருந்தாற்றான் விரைந்து அசையும். எடை குறைந்த பொருளோ எளிதிற் கிழியும். பெருக்குமாற்றின் காம்பு, குழந்தையின் விரல், பூனையின் நகம் ஆகிய எதுவும் அதற்குப் பகையே. இவற்றினும் கொடிய பகை தூசு. கம்பிச் சுருள் அசையும் இடைவெளி மிகக் குறுகியது. அருகே வலிய காந்தம் இருத்தலின் இரும்பரத்தூள் எங்கிருந்தாலும் அங்கே ஈர்க்கப்பட்டுப் படிந்துவிடும். படிந்தபின் கருவி கரகரக்கத் தொடங்கும். ஆகவே, ஒலிபெருக்கிக்கு ஒரு வேலி இன்றியமையாததாயிற்று.

முதலில் அவ்வேலி மரத்தாலும் துணியாலும் அமைந்தது. வானொலிப் பெட்டியின் முகப்பலகையை நுண்வாளால் அறுத்துக் கொடியும் பூவுமாகச் சித்திர வேலைப்பாடு செய்து, அதன் பின்னே மெல்லிய துணியை இழுத்து ஒட்டினர். இங்கிலாந்தின் பை என்னும் நிறுவனத்தார் முகிலிடை எழும் ஞாயிற்றின் கதிர்களைத் தம் பெட்டிகளின் முகப்பிற் பொறித்தமை பெரும் புகழ் பெற்றது. ஆயின், இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1948இல், அதே உருவத்தை மீண்டும் புதுப் பெட்டியொன்றிலே பொறித்தபோது, அக்கதிர்கள் ஜப்பானியப் போர்க்கொடியை நினைவூட்டுகின்றன என்று எதிர்ப்பு எழுந்தது. ஜப்பானியரின் சிறைமுகாம்களில் வதையுண்டவர்கள் ஊர் திரும்பிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. அப்பெட்டிகளிற் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன; இன்று எஞ்சியவை மிகச் சிலவே. வெறும் அலங்காரம் என நாம் எண்ணும் ஒரு முகத்தட்டி, மாந்தர் மனத்திலே ஆறாத புண்ணைத் தொட்டுவிடக் கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மரவேலைக்கு வேறொரு குறையும் உண்டு. மரம் வலுவாக நிற்க வேண்டுமாயின் அதன் சட்டங்கள் தடித்திருத்தல் வேண்டும். ஒலியோ அலைவடிவாகச் செல்வது. செக்கனுக்கு 100 அதிர்வுடைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீற்றர். அவ்வலை மரச்சட்டத்தைப் பொருட்படுத்தாது சுற்றிச் சென்றுவிடும். செக்கனுக்கு 10,000 அதிர்வுடைய உயர்ந்த ஒலியின் அலைநீளமோ மூன்றரைச் சென்ரிமீற்றரே. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அகலமுள்ள சட்டம் குறுக்கே நின்றால் அவ்வொலி சிதறுண்டு போகும். தாளத்தின் கிண்கிணி ஓசையும், சொற்களிலுள்ள வல்லின மெய்களின் கூர்மையும் மழுங்குவது இதனாலேயே.

இவ்விடத்திலேதான் உலோகம் துணைக்கு வந்தது. உலோகத் தகடு மெல்லியதாயினும் வலியது. ஆகையால் தடித்த சட்டங்கள் வேண்டியதில்லை. துளையிட்ட நாகத் தகடு அக்காலத்துக்கு முன்னரே ஆங்கிலேயர் இல்லங்களில் உணவு அலுமாரியின் கதவுகளில் ஈ புகாமற் காற்று மட்டும் புகுவதற்காகப் பொருத்தப்பட்டிருந்தது. மற்றொன்று விரிதகடு. ஜோன் பிரெஞ்ச் கோல்டிங் என்னும் ஆங்கிலேயர் 1884இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். தகட்டிலே வரிசை வரிசையாகக் கீறலிட்டுப் பக்கவாட்டில் இழுத்தால் கீறல்கள் விரிந்து சாய்சதுரக் கண்களாக மாறும். துண்டு ஏதும் வெட்டி எறியப்படாமையால் உலோகம் வீணாவதில்லை. சுவர்ச் சாந்தைத் தாங்குவதற்கெனப் பிறந்த அத்தகடு, பிற்காலத்தில் ஒலிபெருக்கியின் முகத்துக்கும் ஏறியது.

இப்பொருள்களைத் தேடியெடுத்து ஆராய்ந்து பயன்படுத்திய பெருமை, பெரும்பாலும், வீட்டிலிருந்து வேலைசெய்த ஆர்வலர்களையே சாரும். போருக்குப் பிற்பட்ட பிரித்தானியாவை எண்ணிப் பாருங்கள். மரத்துக்குத் தட்டுப்பாடு, கொள்வனவு வரியோ கடுமை, கடையிலே கிடைத்த சிறந்த கருவிகள் சாதாரண ஊழியனின் கைக்கு எட்டாதவை. ஆனால் படையினர் கழித்துவிட்ட மின்னுறுப்புகள் இலண்டன் லைல் வீதிக் கடைகளிலே மலிவாகக் கிடைத்தன. போர்க்காலத்தில் வானொலிப் பணி பயின்ற இளைஞர் பலர் ஊர் திரும்பியிருந்தனர். 1947இல் வில்லியம்சன் என்பார் "வயர்லெஸ் வேர்ல்ட்" சஞ்சிகையில் தாம் அமைத்த ஒலியாக்கியின் வரைபடத்தை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். அதனைப் பார்த்து உலகின் பல நாடுகளிலும் ஆர்வலர் தத்தம் வீடுகளில் அக்கருவியைக் கட்டினர்.

பெட்டி செய்வோருக்கு வழிகாட்டியவர் யோக்சயரைச் சேர்ந்த கில்பேட் பிறிக்ஸ். துணி வாணிகத் துறையில் உழைத்து வந்த அவர், இல்க்லி என்னும் ஊரில் தம் வீட்டு நிலவறையிலே ஒலிபெருக்கி செய்யத் தொடங்கி, 1932இல் வாவ்டேல் நிறுவனத்தை நிறுவினார். 1948இல் ஒலிபெருக்கிகள் பற்றி அவர் எழுதிய சிறுநூல் கணக்கும் சூத்திரமும் அறியாதாரும் படித்து விளங்கத் தக்கது. தம் பொருளை விற்பதோடு நில்லாது, அதனை இடுவதற்கான பெட்டியை வாங்குவோரே செய்துகொள்ளும் வகையையும் கற்பித்தார். இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கிடையே மணலை நிரப்பினாற் பலகை அதிராது என்றார். அறையின் மூலையிலே செங்கல்லாற் கட்டினாலும் தகும் என்றார். 1954இல் இலண்டன் றோயல் பெஸ்ரிவல் மண்டபத்திலே இசைவாணரை மேடையேற்றி, அவர்தம் நேரிசையையும் பதிவுசெய்த இசையையும் அடுத்தடுத்து ஒலிப்பித்து, வேறுபாட்டை அவையோரே உணரட்டும் என விட்டுவிட்டார். அறிவைப் பூட்டி வைப்பதால் வாணிகம் வளரும் என்று எண்ணாத மனிதர் அவர்.

பெட்டி செய்தோர் உலோக முகத்தட்டியைப் பொருத்தும்போது கற்றுக்கொண்ட பாடங்கள் சில. முதலாவது, திறந்த பரப்பின் அளவு. முக்கோண ஒழுங்கில் அமைந்த துளைகள் 5 மில்லிமீற்றர் விட்டமும், மையத்துக்கு மையம் 6 மில்லிமீற்றர் தூரமும் உடையனவாயின், தகட்டின் 63 விழுக்காடு திறந்திருக்கும். அதே தூரத்திலே துளையின் விட்டம் 3 மில்லிமீற்றராகக் குறைந்தால் 23 விழுக்காடே திறந்திருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காதுக்கோ அவை ஒன்றல்ல.

இரண்டாவது, உலோகம் தானும் பாட விரும்பும். நான்கு மூலைகளில் மட்டும் திருகாணியிட்டால் தகட்டின் நடுப்பகுதி சில சுரங்களுக்கு இசைந்து கிணுகிணுக்கும். ஆகவே, விளிம்பு முழுவதும் நெருக்கமாகத் திருகாணியிட்டு, தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே கம்பளித் துணியையோ இறப்பர்ப் பட்டியையோ வைத்தனர். தகட்டைச் சற்று முன்னோக்கி வளைத்தால் அது விறைப்புற்று அதிர்வு அடங்கும். உரத்த ஒலியின்போது முன்வரும் கூம்பு அதில் மோதாதவாறு இடமும் கிடைக்கும்.

மூன்றாவது பாடம் எல்லாவற்றினும் தலையாயது. துறப்பணமும் அரமும் கொண்டு செய்யும் வேலை யாவும் ஒலிபெருக்கியைப் பெட்டியிற் பூட்டுமுன்னரே, வேறோரிடத்தில் முடிந்துவிட வேண்டும். கூம்பைக் காப்பதற்கென வெட்டிய தகட்டின் தூளே காந்த இடைவெளியிற் புகுந்து கருவியைக் கெடுப்பதுண்டு. காவலனே கள்வனாகும் இடம் இது. தகட்டின் பின்னே மெல்லிய கருந்துணி ஒன்றை இடுவதும் தூசுக்கு நல்ல தடையாகும். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் வெறும் இரும்பைவிடப் பித்தளையோ அலுமினியமோ நெடுங்காலம் நிற்கும்.

1957இல் இவ்வரலாறு தலைகீழாகத் திரும்பியது. ஹண்டிங்டன் நகரில் பீற்றர் வோக்கர் என்பார் கடதாசிக் கூம்பையும் காந்தத்தையும் கைவிட்டு, மின்னேற்றிய மெல்லிய தாளொன்றை அசைத்து ஒலியெழுப்பும் "குவாட்" நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனுள்ளே பல ஆயிரம் வொல்ற் மின்னழுத்தம் உண்டு. முகத்திலே வளைந்த துளைத் தகடு பொருத்தியிருந்தது. பார்ப்பவர் சிலர் அதனை அறையைச் சூடாக்கும் அடுப்பென்றே மயங்கினர். அதுவரை மனிதரிடமிருந்து ஒலிபெருக்கியைக் காத்து நின்ற தகடு, இங்கே ஒலிபெருக்கியிடமிருந்து மனிதரைக் காத்து நின்றது. எனினும் கடமை மாறவில்லை. கை புகலாகாது, ஒலி தடைப்படலாகாது.

பின்னர் 1970களிலே நுரைப்பஞ்சாலான முகத்தட்டிகள் பெருவழக்காயின. அவற்றுட் பல சில பதிற்றாண்டுகளில் தாமே பொடிந்து உதிர்ந்தன. உலோகத் தகடுகளோ இன்றும் நிலைத்திருக்கின்றன.

நேயர்களே, பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளோடு காலங்கழிக்கும் என் போன்றோருக்கு இவ்வரலாறு தகட்டைப் பற்றியது மட்டுமன்று. மெல்லிய பொருளுக்குக் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காவலின் தகுதியை அளப்பது அதன் தடிப்பினால் அன்று; அது விட்டுவைத்த துளையினாலே. அறிவைத் திறந்து வழங்கிய வில்லியம்சனும் பிறிக்ஸும், கைவாளோடும் அரத்தோடும் போராடிய பெயரறியா ஆர்வலரும் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. அடுத்தமுறை வானொலியைத் திருப்பும்போது அதன் முகத்தை ஒருகணம் நோக்குங்கள். அங்கே இருப்பதைவிட இல்லாதது மிகுதி. அந்த இல்லாமையின் வழியாகவே குரல் வருகின்றது.