காட்டுக்கோழியும் குளிர்க்காய்ச்சலும்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலி கங்கை கிளைபிரிந்து கடலை நோக்கிச் செல்லும் தாழ்நிலத்தில் அமைந்தது தோப்பூர். வயலும் குளமும் வில்லும் காடும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் நிலம் அது. வைகறையில் அந்நிலத்தின் காட்டோரத்தில் நிற்பவர் செவியில் காட்டுக்கோழிச் சேவலின் கூவல் விழும். செம்பொன் மேனியும், கருநீல வாலும், நடுவில் மஞ்சள் தீட்டிய செங்கொண்டையும் உடைய அப்பறவை, இலங்கைத் தீவையன்றி வேறெந்த நாட்டுக் காட்டிலும் வாழ்வதில்லை. அது இந்நாட்டின் தேசியப் பறவை என்பதை நேயர்கள் அறிவர். மலேரியா என்னும் கொடிய நோயின் வரலாற்றிலும் அதன் இனத்துக்கு ஓரிடம் உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

குளிர்க்காய்ச்சல் கொட்டியாரப் பகுதிக்குப் புதியதன்று. இப்பகுதியின் பழைய கதையொன்றிலேயே அது தலைகாட்டுகின்றது. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிற்று. மறு ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மைந்தன் ரொபட் நொக்ஸையும் மூதூர்ப் பக்கத்திற் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அங்கே தந்தையும் மகனும் ஒருங்கே காய்ச்சலில் வீழ்ந்தனர். 1661இல் தந்தை இறந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்து 1679இல் தப்பிய மகன், அந்நாட்களின் துயரைத் தம் நூலில் எழுதிவைத்தார். அக்காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதை நொக்ஸும் அறியார். அவரைச் சிறைவைத்த மன்னனும் அறியான். காட்டின் நச்சுக் காற்று என்றும், கெட்ட நீர் என்றும், தெய்வக் குற்றம் என்றும் மக்கள் அதற்குக் காரணம் கூறிவந்தனர்.

உண்மை வெளிப்பட மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1880இல் அல்ஜீரியாவிற் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவெரான், நோயாளியின் குருதியிலே அசையும் ஒட்டுண்ணியைக் கண்டார். சில ஆண்டுகளில், ருஷ்யப் பேரரசின் கார்க்கொவ் நகரில் டனிலெவ்ஸ்கி என்னும் அறிஞர், காட்டுப் பறவைகளின் குருதியிலும் அதனையொத்த ஒட்டுண்ணிகள் வாழ்வதைக் கண்டார். பறவைகளுக்கும் மலேரியா உண்டு என்ற செய்தியை அக்காலத்தில் பலர் ஒரு வேடிக்கையாகவே கொண்டனர். அது வேடிக்கையன்று என்பதைக் காட்டியவர் ரொனல்ட் ரொஸ்.

ரொஸ் இமயத்து அல்மோராவிற் பிறந்து இந்திய மருத்துவச் சேவையிற் புகுந்தவர். 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள் செக்கந்தராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த நுளம்பொன்றின் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்கொண்ட உருண்டைகளைக் கண்டார். அடுத்த படியில் ஏறுமுன் அவர் இராசபுதனத்துக்கு மாற்றப்பட்டார்; அங்கே மலேரியா அரிது. 1898 தொடக்கத்திற் கல்கத்தா சேர்ந்தபோது மற்றொரு தடை எழுந்தது. கொள்ளைநோய்த் தடுப்பூசி பற்றிய அச்சம் அந்நகரெங்கும் பரவியிருந்தமையால், விரலிற் குத்திக் குருதி எடுக்க எவரும் உடன்படவில்லை. மனிதர் மறுத்த குருதியைப் பறவைகளிடம் தேடினார் ரொஸ். காகம், புறா, வானம்பாடி, சிட்டுக்குருவி ஆகியன கூண்டு கூண்டாக அவருடைய சிற்றாய்வுகூடத்துக்கு வந்தன. முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் நுளம்பு பிடித்துத் தந்தார்.

அவர் செய்த சோதனை மிக எளியது. பள்ளி மாணவனும் அதனை விளங்கிக்கொள்வான். குருதியில் ஒட்டுண்ணி மிகுந்த குருவி ஒன்று, குறைந்த குருவி ஒன்று, அறவே இல்லாத குருவி ஒன்று என மூன்றைத் தனித்தனி வலைக்குள் வைத்து நுளம்புகளைக் கடிக்கவிட்டார். பின்னர் ஒவ்வொரு வலையிலிருந்தும் பத்து நுளம்புகளை எடுத்து அறுத்து, நுணுக்குக்காட்டியில் வைத்துக் கருந்துகள் உருண்டைகளை எண்ணினார். முதற் குருவியைக் கடித்தவற்றில் 1,009 இருந்தன. இரண்டாவதைக் கடித்தவற்றில் 292. மூன்றாவதைக் கடித்தவற்றில் ஒன்றேனும் இல்லை. அவ்வுருண்டைகள் வளர்ந்து வெடித்து, நூலிழை போன்ற நுண்ணுருக்களை நுளம்பின் உடலெங்கும் பரப்புவதையும், அவை முடிவில் உமிழ்நீர்ச் சுரப்பியிற் சேர்வதையும் அவ்வாண்டு ஜூலை மாதத்திற் கண்டார். நோயுற்ற நுளம்புகள் கடித்த நலமுள்ள 28 குருவிகளில் 22 நோயுற்றன. பத்திரிக் மான்சன் அச்செய்தியை எடின்பரோவிற் கூடிய மருத்துவர் அவையில் வெளியிட்டார். மனித மலேரியாவைப் பரப்பும் நுளம்பினத்தை இத்தாலியர் கிராசியும் அவருடைய தோழர்களும் பின்னர் ஐயமறக் காட்டினர். முதன்மை யாருக்கு என்று இருவரும் இட்ட வழக்கு, அவர்கள் புகழுக்கு அழகு சேர்க்கவில்லை. 1902இல் நோபெல் பரிசு ரொஸுக்கு வந்தது. நம் பாடநூல்களில் ரொஸின் பெயர் உண்டு, சிட்டுக்குருவியைத்தான் காணோம்.

நுளம்பின் பங்கு தெளிந்துவிட்டது. ஆயினும் ஒரு புதிர் எஞ்சிற்று. நுளம்பு கடித்த பின் பல நாட்கள் நோயாளியின் குருதியிலே ஒட்டுண்ணி தென்படுவதில்லை. அந்நாட்களில் அது எங்கே ஒளிந்திருக்கின்றது? ஜெர்மானிய அறிஞர் ஷவுடின் 1903இல், நுண்ணுரு நேரே செங்குருதிக் கலத்துட் புகுவதைத் தாம் கண்ணாற் கண்டதாக எழுதினார். பெரியார் கூற்று என்பதனால் உலகம் அதனை நம்பிற்று. ஒரு தலைமுறைக் காலம் தவறான வாயிலிலேயே எல்லோரும் காத்து நின்றனர். கொயினா மருந்தை உட்கொண்டவர்க்கும் நுளம்புக் கடியால் நோய் பற்றுவதைக் கண்ட சிட்னி பிரைஸ் ஜேம்ஸ் போன்ற சிலரே ஷவுடின் கூற்றை ஐயுற்றனர்.

இந்நிலையிலேதான் இலங்கையின் பெயர் நுழைகின்றது. நுழைந்த காலமோ இந்நாடு அழுதுகொண்டிருந்த காலம். 1934இல் மழை பொய்த்தது. களனி, மாஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, ஆற்றுப் படுகையெங்கும் குட்டைகள் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகிற்று. 1934 இறுதியிலிருந்து 1935 நடுவரை பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மடிந்தன. அவ்வழிவு மிகுதியும் நேர்ந்தது கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில். ஆண்டுதோறும் காய்ச்சலோடு பழகிய வறண்ட வலயத்து ஊர்களில் அன்று. இதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

அதே 1935ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்து ஒட்டுண்ணியியற் பேராசிரியர் எமில் பிரம்ப்ட், இலங்கைக் கோழியின் குருதியிற் கண்ட புதிய மலேரியா ஒட்டுண்ணியொன்றை உலகுக்கு அறிவித்தார். ‘பிளாஸ்மோடியம் கல்லினேசியம்’ என்று அதற்குப் பெயரிட்டார். அவர் கண்டது வீட்டுக்கோழியில். ஆனால் வேற்று நாட்டு வளர்ப்புக் கோழிகளுக்குள் இவ்வொட்டுண்ணி புகுந்தால் அவை கூட்டங்கூட்டமாக மாள்கின்றன. பழகிய விருந்தாளி வீட்டை இடிப்பதில்லை. ஆதலின் காடுகளில் வாழும் கோழியினமே இதன் இயல்பான உறைவிடம் என்றும், வீட்டுக்கோழிக்கு இது காட்டிலிருந்து வந்தது என்றும் ஆய்வாளர் துணிந்தனர்.

கோழிக்குஞ்சு எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. இந்த ஒட்டுண்ணியையோ, இன்று டெங்குக் காய்ச்சலால் நாமறிந்த ஈடிஸ் நுளம்பே ஆய்வுகூடத்தில் எளிதாகப் பரப்பும். ஆகவே சில ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோழியின் நோய் ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் ஆய்வுகூடங்களிற் குடியேறிவிட்டது. ஜேம்ஸும் பார் டேட் என்பவரும் 1937இல் அதனைக்கொண்டே பழைய புதிரை அவிழ்த்தனர். நுளம்பாற் கடியுண்ட கோழிகளுக்குக் கொயினா கொடுத்துக் குருதியிலுள்ள ஒட்டுண்ணியை அடக்கினர். கோழிகள் தேறின போலத் தோன்றின; பின்னர்த் திடீரென மாண்டன. அவற்றின் மூளையை அறுத்து நோக்கியபோது, மயிர்த்துளைக் குழாய்களின் சுவர்க் கலங்களில் ஒட்டுண்ணி நிறைந்து குருதியின் வழியையே அடைத்திருந்தது. குருதிக் கலங்களுக்கு வெளியே, உடலின் இழையங்களில் அதற்கு மற்றொரு வாழ்வு உண்டென்பது புலனாயிற்று. இத்தாலியர் ரபயேலி இதனையொத்ததை வேறொரு பறவை ஒட்டுண்ணியில் முன்னரே கண்டிருந்தார். எனினும் ஐயத்துக்கு இடமின்றி உலகை ஏற்கச் செய்தது இக்கோழி நோயே. பறவையில் இவ்வாறாயின் மனிதனில் எங்கே என்ற கேள்வி உடனே எழுந்தது. இந்தியாவில் நெடுங்காலம் பணிபுரிந்த ஷார்ட்டும், கார்னமும் 1948இல் விடை கண்டனர். முதலிற் குரங்கின் ஈரலிலும், அடுத்து மனிதனின் ஈரலிலும் அம்மறைவிடம் வெளிப்பட்டது.

இதற்கிடையே உலகப் போர் மூண்டது. 1942இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் கைப்பட்டதும், கொயினா தரும் சிங்கோனாப் பட்டையின் வரவு நின்றது. புதிய மருந்து காணாவிடிற் படைகள் காய்ச்சலாலேயே அழியும் என்ற நிலை. இங்கிலாந்தில் கேர்ட், டேவி, ரோஸ் என்னும் மூவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இரசாயனப் பொருள்களை இந்த ஒட்டுண்ணி ஏறிய கோழிக்குஞ்சுகளிற் சோதித்தனர். குருதியில் உள்ளதை மட்டுமன்றி மறைவிடத்தில் உள்ளதையும் தாக்கும் மருந்தே அவர்கள் தேடியது. 1945இல் அவர்கள் வெளியிட்ட மருந்துதான் பலூட்ரின். தோப்பூரிலும் மூதூரிலும் முதியோர் நாவில் அப்பெயரின் கசப்பு நெடுநாள் நின்றிருக்கும். அவ்வில்லையின் வழி அவர்கள் ஊர்க் கோழியினத்திலிருந்தே தொடங்கிற்று என்று அவர்களுக்கு எவரும் கூறவில்லை.

1934இல் வறண்ட வலயம் ஏன் ஒப்பளவிற் பிழைத்தது என்ற வினாவுக்கும் பறவைகளிடத்தில் விளக்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒட்டுண்ணியோடு வாழ்ந்த காட்டுப் பறவை அதனைத் தாங்குகின்றது. அதனை அறியாத பறவை மடிகின்றது. ஹவாய்த் தீவுகள் இதற்குத் துயரமான சான்று. அங்கே ஆதியில் நுளம்பே இல்லை. 1826 அளவில் ஒரு கப்பலின் தண்ணீரோடு நுளம்பு வந்தது. பின்னர் அயல்நாட்டுப் பறவைகளோடு மலேரியாவும் வந்தது. அத்தீவுகளுக்கே உரிய தேன்பறவையினங்களிற் பல தாழ்நிலங்களை விட்டு மறைந்தன. சில அடியோடு அழிந்தன. நுளம்பு ஏறாத குளிர்மலைகளில் எஞ்சியவை ஒதுங்கின. வார்னர் என்னும் ஆய்வாளர் 1968இல் இவ்வழிவின் காரணத்தை விரித்தெழுதினார். கேகாலையில் மடிந்தோர் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆண்டுதோறும் காய்ச்சல் காணாத உடல்கள் அவை. வறட்சியோடு வந்த பசி அவற்றை மேலும் தளர்த்தியிருந்தது. வறண்ட வலயத்தார் பெற்ற காப்போ இலவசமாகக் கிடைத்ததன்று. குழந்தைப் பருவத்திலேயே பலரைப் பறிகொடுத்து, வீங்கிய மண்ணீரலோடு வளர்ந்தோர் பெற்ற காப்பு அது.

பிரம்ப்டின் காலத்திலிருந்து இவ்வாய்வு பெரும்பாலும் பிறநாட்டார் கையிலேயே நடந்தது. காட்டிலும் ஊரிலும் கோழிக்கு இந்நோயைக் கொடுப்பது எந்த நுளம்பு என்பதை முப்பது ஆண்டுகள் எவரும் அறியார். ஆய்வுகூடத்து ஈடிஸ் அதற்கு விடையன்று. அக்குறையை நீக்கியவர்கள் இலங்கையில் இருந்த ஆய்வாளரே. நைல்ஸ், பெர்னாண்டோ, திசாநாயக்க ஆகிய மூவர் 1965இல் ‘நேச்சர்’ இதழில் அவ்விடையை வெளியிட்டனர். ‘மான்சோனியா கிரசிப்பெஸ்’ என்னும் நுளம்பே அது. இந்நுளம்பினத்தின் குடம்பிகள் மற்றவைபோல நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு விடுவதில்லை. நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, வேரினுள் உள்ள காற்றைப் பெறுகின்றன. செடியடர்ந்த குளமும் வில்லும் உள்ள இடமே அவற்றுக்கு வாழ்விடம். மகாவலி முகத்து நிலத்தைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கோழியின் மலேரியா மனிதரைப் பற்றாது. மனித மலேரியா கோழியைப் பற்றாது. கடிக்கும் நுளம்பும் வேறு. மனித நோயைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பை எதிர்த்து 1946இல் டி.டி.டி. தெளிப்புத் தொடங்கிற்று. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி முடிந்ததென எண்ணிக் காவல் தளர்ந்தது. 1968, 1969 ஆண்டுகளிற் காய்ச்சல் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பிடித்தது. அதன்பின் நாற்பதாண்டுக்கு மேல் உழைக்க வேண்டியதாயிற்று. 2012 ஒக்டோபருக்குப் பின் இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா பதிவாகாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இரண்டாண்டு கழித்து, 2018இல், இலங்கைக் கோழியிற் பிரம்ப்ட் கண்ட அந்த ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதி முழுவதையும் அறிஞர் படித்து முடித்தனர்.