'வேண்டாம்' என்று சொல்ல முடியாத தேர்தல்

1918 ஜூனில் ஹைட்டி நாட்டில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. புதிய அரசியலமைப்புச் சட்டத்துக்கு ஆதரவாக விழுந்த வாக்குகள் 98,000க்கு மேல். எதிர்த்து விழுந்தவை 800கூட இல்லை. வாக்குச் சாவடிகளுக்குக் காவல் நின்றது அமெரிக்க மரைன் அதிகாரிகளின் கட்டளையில் இயங்கிய படை. அயல்நாட்டார் ஹைட்டியில் நிலம் வாங்கலாம் என்பதே அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள், எஜமானர்களின் படையை முறியடித்து 1804இல் உருவாக்கிய நாடு அது. வெள்ளையருக்கு மண்ணில் உரிமை இல்லை என்ற விதியை அவர்கள் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த விதியைத் தூக்கியெறிய நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் மனமுவந்து கைதூக்கினார்கள் என்று நம்புவது கடினம். ஒரு நாட்டுக்குப் படை அனுப்பி ஜனநாயகம் கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த எண்களே பாதி விடை.

மரைன் படை 1915 ஜூலை 28 அன்று போர்ட்-ஓ-பிரின்ஸில் இறங்கியது. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் சிறையில் கொல்லப்பட, ஆத்திரம் கொண்ட கூட்டம் அதிபர் கியோம் சாமைப் பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து இழுத்து வந்து அடித்துக் கொன்றிருந்தது. அமைதியை நிலைநாட்ட வந்தோம் என்றார்கள் அமெரிக்கர்கள். ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்பே, ஹைட்டி வங்கியிலிருந்து ஐந்து லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கம் அமெரிக்கப் போர்க்கப்பலில் நியூயார்க் போய்ச் சேர்ந்திருந்தது. படை இறங்கிய அடுத்த மாதம் மரைன்கள் காவல் நிற்க, நாடாளுமன்றம் டார்ட்டிகுநாவை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. 1917 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் உலகில் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லித் தன் நாட்டை முதல் உலகப் போருக்குள் இட்டுச் சென்றார். இரண்டே மாதத்தில், வாஷிங்டன் விரும்பிய சட்டத்தை ஏற்க மறுத்த ஹைட்டி நாடாளுமன்றத்தை, மரைன் அதிகாரி ஸ்மெட்லி பட்லர் கலைப்பு ஆணையோடு வந்து மூடினார். அதன்பின் 1930 வரை நாடாளுமன்றத் தேர்தலே இல்லை.

இதை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட்டால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகும். ஆட்சியில் இருப்பவரிடம் மக்கள் 'வேண்டாம்' என்று சொல்லலாம், அவர் அதைக் கேட்டு விலகவேண்டும் என்பதே ஜனநாயகத்தின் சாரம். ஆக்கிரமித்திருக்கும் படையால் கேட்க முடியாத ஒரே சொல் அதுதான். சாலை போட ஆள் வேண்டுமென்று 1864ஆம் ஆண்டின் பழைய சட்டமொன்றைத் தூசு தட்டி, விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, அதே வகை. எதிர்த்துக் கிளம்பிய சார்ல்மான் பெரால்ட் 1919இல் கொல்லப்பட்டார். அவர் உடலை ஒரு கதவில் கட்டி நிறுத்திப் படமெடுத்து ஊரெங்கும் பரப்பினார்கள். மக்கள் அஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மக்களோ அந்தப் படத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவைக் கண்டார்கள்.

சாலைகளும் மருத்துவமனைகளும் வந்தனவே என்பார்கள். வந்தன. ஆனால் நீடித்து நின்றது, மரைன்கள் பயிற்றுவித்த படைதான். நாடாளுமன்றம் பூட்டிக்கிடந்த காலத்தில் வேரோடி வளர்ந்த அமைப்பு அது ஒன்றே. 1934இல் மரைன்கள் கிளம்பினார்கள். 1946இலும் 1950இலும் யார் அதிபர் என்பதை முடிவு செய்தது அந்தப் படையே. 1957இல் அது நடத்திய தேர்தலில் வென்ற ஃபிரான்சுவா டுவாலியே பின்னர் படையையும் அடக்கினார். தந்தையும் மகனுமாக 1986 வரை அந்தக் குடும்பம் ஆண்டது. இதற்கெல்லாம் அமெரிக்கா மட்டுமே பொறுப்பு அல்ல. 1915க்கு முன்பும் அங்கே ஆட்சிகள் துப்பாக்கியால் மாறின. ஆனால் அந்த நோயைத் தீர்க்க வந்த வைத்தியம், நோயின் கையிலேயே கூர்மையான ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அயல் படையின் கீழ் ஜனநாயகம் தழைத்த ஜப்பானும் ஜெர்மனியும் இருக்கின்றனவே என்பது வலுவான மறுப்பு. ஆனால் ஜப்பானில் 1890 முதல் நாடாளுமன்றம் கூடியது, 1925இல் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஜெர்மனிக்கு அதன் முந்தைய ஜனநாயகமான வைமர் குடியரசின் நினைவு இருந்தது. அங்கே படை விதைக்கவில்லை. மேலே விழுந்து கிடந்த பாறையைப் புரட்டியது. 1994இல் ஹைட்டிக்கே சுமார் 20,000 அமெரிக்க வீரர்கள் மறுபடி வந்ததும் அப்படித்தான்: மக்கள் 1990இல் தேர்ந்தெடுத்து, ராணுவம் விரட்டிய அதிபர் அரிஸ்டீடைத் திரும்ப அமர்த்தினார்கள். மக்கள் ஏற்கெனவே எடுத்த முடிவைப் படையால் மீட்க முடியும். அந்த முடிவை அவர்களுக்குப் பதிலாக எடுக்க முடியாது. மீட்டதையும் காத்துவைக்க முடியவில்லை. 2004இல், ஆயுதக் கிளர்ச்சிக்கு நடுவே அரிஸ்டீட் மறுபடி நாட்டை விட்டுப் போனார்.

பத்தொன்பது ஆண்டு ஆக்கிரமிப்பில் உண்மையான தேர்தல் ஒன்று நடந்தது. 1929இல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மர்சாத்தேர் என்ற இடத்தில் திரண்ட விவசாயிகளை மரைன்கள் சுட்டார்கள். அமெரிக்காவிலேயே கண்டனம் எழுந்து விசாரணைக் குழு வந்த பிறகே 1930இல் வாக்குப்பெட்டி திறந்தது. வென்றவர்கள், 'மரைன்களே, வெளியேறுங்கள்' என்று கேட்டவர்கள்.