பாலித் தீவு கற்றுத்தந்த நிறங்கள்

1952-இல் சிங்கப்பூரிலிருந்து நான்கு ஓவியர்கள் பாலித் தீவுக்குப் புறப்பட்டார்கள். லியு காங், சென் சொங் சுவீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங். நால்வரும் சீனாவில் பிறந்தவர்கள். மேலைநாட்டு எண்ணெய் வண்ணமும் சீன மைத்தூரிகையும் அறிந்தவர்கள். ஆனால் பூமத்தியரேகை வெயிலுக்கு ஏற்ற நிறங்களை அவர்கள் இனிமேல்தான் தேட வேண்டியிருந்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் கவுன்சில் அரங்கில் அவர்கள் வைத்த கண்காட்சி, தென்கிழக்காசியக் காட்சிகளைச் சீன, மேலைநாட்டு உத்திகளால் தீட்டும் நன்யாங் பாணி ஓவியத்துக்குத் திருப்புமுனையானது.

இவ்வகை ஓவியங்களில் வீடும் மரமும் பாதி நிஜம், பாதி வடிவம். மனிதர்களின் முகத்தில் பெரிய உணர்ச்சி எதுவும் இராது. மகிழ்ச்சியா, அமைதியா, சோர்வா என்பதை நிறம்தான் சொல்லும்.

லியு காங் 1954-இல் வரைந்த 'ஓவியரும் மாதிரியும்' படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பாலிப் பெண் ஒருத்தியை சென் வென் ஷி வரைந்துகொண்டிருக்கிறார். உருவங்களைச் சுற்றி வெண்கோடுகள். பாத்திக் துணியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாமல் கோடு நிற்குமே, அதே உத்திதான். கறுப்புக் கோடு போட்டிருந்தால் படம் இறுகியிருக்கும். வெள்ளைக் கோட்டால் வெளிச்சம் உள்ளிருந்தே கசிகிறது.

சியோங்கின் 'கருவாடு உலர்த்துதல்' (1978) நேர் எதிர். துணியின் மேல் சீன மையும் வண்ணமும். நீண்ட கைகளும் வாதுமைக் கண்களும் கொண்ட பெண்கள் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். கருவாடு காயும் இடத்தில் வெயில் கண்ணைக் கூசச் செய்ய வேண்டும். இங்கே மங்கிய பழுப்பே ஓங்கி நிற்கிறது. உழைப்பின் களைப்பை விட அதன் நிதானத்தையே அவர் காட்ட விரும்பினார் என்று தோன்றுகிறது.

சிங்கப்பூர் இந்தியர்களும் இந்த ஓவியர்களின் கண்ணில் படாமல் இல்லை. இரண்டு மாடுகளுடன் நிற்கும் இந்தியர்களை சியோங் 1949-இலேயே வரைந்திருக்கிறார். ஒரு காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நடந்த மாட்டு வணிகத்தை, எருமையைக் குறிக்கும் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன.

அதே வட்டாரத்தின் தேக்கா சந்தையில் அடுத்த முறை 50 வெள்ளி நோட்டை நீட்டும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் படமுள்ள வழக்கமான நோட்டு என்றால், வீணையோடு சியோங்கின் அந்தக் கருவாட்டுப் பெண்களும் அதில் இருப்பார்கள்.