கோல்ஃப் புல்லும் ஓடை நீரும்
கோல்ஃப் மைதானம் என்றாலே உரமும் மருந்தும் ஓடையில் கலக்கும் இடம் என்பது பாதி உண்மைதான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இந்த ஆட்டம் நூற்றாண்டுக்கணக்கில் நடந்தது கடலோர மணல்மேட்டில். புல்லை மேய்ந்து மட்டமாக வைத்தவை ஆடுகளும் முயல்களும். குற்றம் ஆட்டத்தில் இல்லை, எங்கும் ஒரே பச்சையாகப் புல் விரிந்திருக்க வேண்டும் என்ற பிற்கால ஆசையில்தான். 1984-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் புல்லைக் காக்க டயசினான் என்ற பூச்சிமருந்து தெளித்த மைதானமொன்றில் சுமார் 700 காட்டு வாத்துகள் செத்தன; 1988-இல் அமெரிக்க மைதானங்களில் அம்மருந்துக்குத் தடை வந்தது.

ஸ்காட்லாந்தின் மணலும் மழையும் எல்லா ஊருக்கும் வாய்க்குமா? வாய்க்காது. ஆனால் ஓடைக்கரைப் புல்லை வெட்டாமல் விட மணல் எதற்கு? வழிந்துவரும் மழைநீரின் வேகத்தைக் குறைத்து, மண்ணையும் அதோடு வரும் பாஸ்பரஸையும் அந்த உயரப்புல் பெருமளவு பிடித்துவைக்கும். பந்து அதில் தொலைகிறது என்பார்கள் ஆட்டக்காரர்கள். தொலையட்டும்.