முத்திரை வரியும் வணிகச் சொத்துகளும்: கிள்ளான் பள்ளத்தாக்கு

முத்திரை வரி என்பது நிலமோ கட்டடமோ கைமாறும்போது அந்த மாற்றத்துக்கான ஆவணத்தின் மீது விதிக்கப்படும் வரி. மலேசியாவில் 1949-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி உள்நாட்டு வருமான வரி வாரியம் இதை வசூலிக்கிறது; கட்டுபவர் சொத்தை வாங்குபவர். முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2, அதற்கடுத்த 500,000-க்கு 3, பத்து லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய பகுதிக்கு 4 என்பது கணக்கு. இந்தக் கடைசிப் படி 2019 ஜூலை 1-இல் சேர்க்கப்பட்டது. பேசி முடித்த விலை, சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே வரி. தமிழ்நாட்டில் பத்திரப் பதிவின்போது வசூலாகும் தீர்வையில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. இங்கே முழுத் தொகையும் கூட்டரசுக்கே சேர்கிறது. கோலாலம்பூர் மாநகராட்சிக்கும் கிள்ளான் மாநகராட்சிக்கும் ஆண்டுதோறும் வரும் மதிப்பீட்டு வரியே முதன்மையான சொந்த வருவாய். வணிகச் சொத்துகளைப் பொறுத்தவரை இந்த முத்திரை வரியின் குறை அதன் விகிதத்தில் இல்லை. நிலத்தின் உண்மையான உரிமை யார் கைக்குப் போகிறது என்று பாராமல், ஆவணத்தில் பெயர் மாறுகிறதா என்று மட்டும் பார்ப்பதே அதன் குறை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ துணிக்கடை, மளிகைக்கடை, உணவகம் நடத்துபவர் வாங்க நினைப்பது ஒரு கடைவீட்டை. அதன் விலை 15 லட்சம் ரிங்கிட் என்று கொள்வோம். மாற்று ஆவணத்துக்கு 44,000 ரிங்கிட் வரி. 12 லட்சம் வங்கிக் கடன் வாங்கினால், கடன் ஒப்பந்தத்துக்கு 0.5 விழுக்காடாக இன்னும் 6,000. ஆக 50,000 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் தனி. முன்பணத்தைத் திரட்டவே தடுமாறும் வணிகருக்கு இது பெருஞ்சுமை. தொழில் வளர்ந்தும் இடம் மாறத் தயங்குவார். வாடகைக்காரர் வாடகைக்காரராகவே நீடிப்பார். பரிமாற்ற வரி சந்தையை உறைய வைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அண்மைச் சான்று. அந்நகரம் 2023 ஏப்ரல் முதல் 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விற்பனைக்கு 4 விழுக்காடும், ஒரு கோடி டாலரோ அதற்கு மேலோ போனால் 5.5 விழுக்காடும் விதித்தது. வணிகக் கட்டடங்களும் அதில் அடங்கும். அதன்பின் உயர்விலைச் சொத்துகளின் விற்பனை குறைந்துவிட்டது.

பெரிய கட்டடங்களின் கதை வேறு. 5 கோடி ரிங்கிட் மதிப்புள்ள அலுவலகக் கட்டடம் ஒன்றை நேரடியாக வாங்கினால் 19,84,000 ரிங்கிட் முத்திரை வரி. அந்தக் கட்டடத்தைத் தவிர வேறு சொத்தும் கடனும் இல்லாத ஒரு தனியார் நிறுவனத்தின் பங்குகளை அதே விலைக்கு வாங்கினாலோ 0.3 விழுக்காடு, அதாவது 1,50,000 ரிங்கிட்தான். நிலப்பட்டாவில் பெயர் மாறவில்லை. ஆனால் கட்டடம் கைமாறிவிட்டது. பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களில் முதலீடு செய்யும் சொத்து முதலீட்டு அறநிதிகளுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது: அவை சொத்து வாங்கும் ஆவணங்களுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. 2012-இல் பங்குச் சந்தைக்கு வந்த ஐஜிபி அறநிதியின் கையில்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள மிட்வேலி மெகாமால் இருக்கிறது. மலிவான வழி இப்படிப் பெரிய முதலீட்டாளருக்கு மட்டுமே கிடைக்கிறது. ஒற்றைக் கடைவீட்டைத் தன் பெயரில் வைத்திருப்பவருக்கு நிறுவனம் அமைத்துப் பங்கு விற்கும் வசதி பெரும்பாலும் இல்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். விலை ஏற ஏற விகிதமும் ஏறுவதால் வரி நியாயமானதே என்பது முதலாவது. விகிதப் பட்டியலில் அது உண்மை. பட்டியலுக்குள் வராமலே வாங்க முடிகிறபோது அந்த ஏற்றத்துக்குப் பொருளில்லை. இரண்டாவது, 2024 மார்ச் முதல் நிறுவனங்கள் விற்கும் பட்டியலிடப்படாத பங்குகளின் ஆதாயத்துக்கும் வரி வந்துவிட்டதே என்பது. அது விற்பவரின் ஆதாயத்தின் மீதான வரி. நிறுவனம் ஒன்று கட்டடத்தையே நேரடியாக விற்றாலும் ஆதாய வரி உண்டு. ஆகவே வாங்குபவர் எதிர்கொள்ளும் 4-க்கும் 0.3-க்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கிறது. மூன்றாவது, அறநிதிச் சலுகை பொதுமக்களின் சேமிப்பைக் கட்டடத் துறைக்குக் கொண்டுவருகிறது என்பது. இது வலுவான வாதம். அந்தச் சலுகையைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் தனியார் நிறுவனப் பங்கு விற்பனைக்கு இந்த நியாயம் பொருந்தாது.

மாற்று வழி கைக்கெட்டும் தொலைவில்தான் உள்ளது. ஒரு நிறுவனத்தின் சொத்தில் முக்கால் பங்கு நிலமும் கட்டடமுமாக இருந்தால், அதன் பங்கை நிலமாகவே கருதும் விதியை மலேசியா தன் சொத்து ஆதாய வரிச் சட்டத்தில் 1988-லேயே சேர்த்தது. அதே அளவுகோலை முத்திரைச் சட்டத்துக்கும் கொண்டுவரலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் நிலம் வைத்திருக்கும் நிறுவனங்களின் கணிசமான பங்கு கைமாறும்போதும் தீர்வை வாங்குகிறது. மலேசியா இப்படிச் செய்தால் வரும் கூடுதல் வருவாயைக் கொண்டு சிறிய கடைவீடுகளின் சுமையைக் குறைக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இன்னும் ஒரு படி முன்னே போய், 2024 ஜூலை முதல் வணிக, தொழிற்சாலைச் சொத்துகளுக்கான பரிமாற்றத் தீர்வையைப் படிப்படியாக நீக்கி, அதனிடத்தில் நில மதிப்பில் 1 விழுக்காடு ஆண்டு வரியைக் கொண்டுவருகிறது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு உடனடித் தேவை முதல் சீர்திருத்தம்: கடைவீடு கைமாறினால் வரி என்றால், அலுவலகக் கோபுரம் கைமாறினாலும் வரி இருக்க வேண்டும்.