எண்முறை வானொலியின் குறைகள்: பிரிட்டிஷ் ஒலிபரப்பு வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

1955-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கிழக்கே கெண்ட் ஜில்லாவிலுள்ள ரூட்டம் நிலையத்திலிருந்து பி.பி.சி. ஸ்தாபனம் பண்பலை ஒலிபரப்பை முறைப்படி தொடங்கிற்று. இம்முறைக்கு 1933-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியியல் நிபுணர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், நீண்ட காப்புரிமை வழக்குகளில் மனம் நொந்து, அதற்கு முந்திய ஆண்டுதான் உயிர் நீத்திருந்தார். ஒலிக்கேற்ப அலையின் உயரத்தை மாற்றும் பழைய வழியை விட்டு, உயரத்தை நிலையாக வைத்து அதிர்வெண்ணை மாத்திரம் அசைப்பது அவர் கண்ட தத்துவம். மின்னலும் மின் யந்திரங்களும் கிளப்பும் இரைச்சல் பெரும்பாலும் உயரத்தையே தாக்குவதால், பண்பலைப் பெட்டி அதை ஒதுக்கிவிட்டு விநாடிக்கு 15,000 அதிர்வுகள் வரையிலான ஒலியைத் தெளிவாகத் தரவல்லதாயிற்று. இதில் அதிகம் பேசப்படாத விசேஷம் ஒன்று உண்டு: ஒரு நிலையத்துக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டால், அந்த இடத்தின் அகலமே அதன் ஒலித்தரத்துக்குக் காவலாக நின்றுவிடுகிறது, நிர்வாகி எவரும் அதில் பாதியை எடுத்து வேறொரு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட இயலாது. எண்முறை வானொலி இழந்தது இக்காவலையே என்பதும், அதன் குறைகளுள் தலையானவை விஞ்ஞானத்தால் அன்றி, விஞ்ஞானத்தைக் கையாண்டவர்களின் முடிவுகளால் விளைந்தவை என்பதும் என் துணிபு.

டி.ஏ.பி. என்று வழங்கும் எண்முறை ஒலிபரப்பு, 1987-இல் தொடங்கிய யுரேகா 147 என்னும் ஐரோப்பியக் கூட்டாராய்ச்சியில் உருவானது. ஓடும் மோட்டார் காரில் பண்பலை படும் அவஸ்தையே அந்த ஆராய்ச்சியாளரை முதலில் ஈர்த்தது. மலையிலும் கட்டடங்களிலும் மோதித் திரும்பும் அலைகள் நேர் அலையோடு கலந்து ஒலியைச் சிதைப்பதைத் தவிர்க்க, அவர்கள் நிகழ்ச்சிகளை 1,536 நுண்ணிய ஊர்தி அலைகளில் பிரித்து ஏற்றினார்கள். இதனால், ஒரே அதிர்வெண்ணில் பல கோபுரங்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்குவதும் சாத்தியமாயிற்று. இது மெய்யான சாதனை. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. நார்வேயின் என்.ஆர்.கே. 1995 ஜூன் மாதத்திலும், பி.பி.சி. அதே ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதியும் இம்முறையில் ஒலிபரப்பத் தொடங்கின.

ஒலியை எண்களாக்கிச் சுருக்குவதற்கு அன்று தேர்ந்தெடுக்கப்பட்டது எம்பெக் இரண்டாம் அடுக்கு என்னும் முறை. பண்பலைக்கு நிகரான இசையொலி வேண்டுமானால் இதற்கு விநாடிக்கு 192 கிலோபிட்டாவது தேவை. உயர்தரத்துக்கு 256 வேண்டும். பல நிலையங்களைச் சேர்த்து ஏற்றும் ஒரு கூட்டலைவரிசையிலோ, வழக்கமான பிழைகாப்புப் போக எஞ்சுவது ஏறத்தாழ 1,150 கிலோபிட்தான். ஆகவே, 192 வீதம் பங்கிட்டால் ஆறு நிலையங்கள். 128 வீதம் பங்கிட்டால் ஒன்பது. 2002-இல் பி.பி.சி. தன் புதிய எண்முறை நிலையங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோதும், தனியார் நிறுவனங்கள் தத்தம் பங்குக்கு நிலையங்களைப் பெருக்கியபோதும், ஏரி நீரை ஆயக்கட்டுக்கு அப்பாலும் வயல் வயலாகப் பங்கிட்டால் எல்லாப் பயிரும் வாடுவதுபோல, ஒவ்வொரு நிலையத்தின் பங்கும் சுருங்கிற்று. 128 கிலோபிட் என்பது வழக்கமாகிவிட்டது; அதனினும் குறைந்த வீதத்தில், இரு செவிக்குரிய ஒலியைக் கைவிட்டு ஒற்றை ஒலியாக ஒலிபரப்பிய நிலையங்களும் பல. சாஸ்திரீய இசைக்குரிய ரேடியோ 3 நிலையத்தின் வீதத்தையே பி.பி.சி. 2006-இல் 192-லிருந்து 160-ஆகக் குறைத்தபோது, இசையன்பர்கள் முறையீடு செய்தார்கள். அதன் பின்னரே, வேறு தேவை இல்லாத நேரங்களில் பழைய வீதம் திரும்பும் என்ற உறுதி கிடைத்தது. பண்பலையின் வரலாற்றில் இத்தகைய முறையீட்டுக்கு இடமே இருந்ததில்லை.

எண்முறை என்பதே இசைக்குப் பகை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பி.பி.சி. 1972 முதலே தன் பண்பலைக் கோபுரங்களுக்கு நிகழ்ச்சிகளை எண்முறையில்தான் அனுப்பத் தொடங்கியது. அங்கே எண்கள் தாராளமாக அளக்கப்பட்டன, ஆகவே இசையும் குன்றவில்லை.

அலையின் பலம் குறையும் இடங்களில் இரு முறைகளும் நடந்துகொள்ளும் விதம் வேறு. பண்பலை மெல்ல மெல்லத் தளர்கிறது: முதலில் லேசான இரைச்சல் எழும், பின்பு அது மிகும், ஆயினும் பேச்சு புரியும், செய்தியைக் கேட்டுவிடலாம். டி.ஏ.பி. ஒலியோ ஓர் எல்லை வரை மாசற்று ஒலித்து, பிறகு சேறு கொதிப்பது போன்ற குமிழொலியாகக் குழம்பி, அடுத்த கணம் அறவே நின்றுவிடும். காருக்கென்று திட்டமிடப்பட்ட ஒலிபரப்பு, வீட்டின் தடித்த சுவர்களுக்குள், அதிலும் சமையலறை போன்ற உட்புறங்களில், பல ஊர்களில் இவ்வாறு தோற்றது.

தொடக்ககாலப் பெட்டிகள் பாட்டரியை விரைவில் தீர்த்துவிட்டதும், எண்களை அவிழ்க்கும் தாமதத்தால் 1924 முதல் பி.பி.சி. ஒலிபரப்பி வந்த கிரீன்விச் மணிக்குறி சில விநாடிகள் பிந்திக் கேட்டதும் சிறு குறைகளே.

பெரிய குறை, காலத்தைத் தவறவிட்டது. இரண்டாம் அடுக்கைவிட மிகத் திறமான ஏ.ஏ.சி. முறை 1997-இலேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. பிரிட்டனில் தேசியத் தனியார் எண்முறை ஒலிபரப்பு 1999 நவம்பரில்தான் தொடங்கியது. அன்று மக்கள் கையிலிருந்த பெட்டிகள் மிகச் சொற்பம். அப்போதே முறையை மாற்றியிருந்தால் நஷ்டம் அற்பமாக இருந்திருக்கும். அதே குடும்பத்து முறையை ஏற்ற டி.ஏ.பி. பிளஸ் 2007-இல் வெளிவந்தபோதோ, பழைய பெட்டிகள் லட்சக்கணக்கில் விற்றிருந்தன. அவை புதிய முறையை அறியமாட்டா. ஆகையால், பிரிட்டனின் தேசியக் கூட்டலைவரிசையில் டி.ஏ.பி. பிளஸ் நிலையங்கள் 2016-இல்தான் இடம்பெற்றன. பின்லாந்தின் யூலே ஸ்தாபனம் 2005-இலேயே டி.ஏ.பி.யை நிறுத்திவிட்டது.

நார்வே நேர் எதிரான வழியை மேற்கொண்டது. மலையும் கடற்கழியும் நிறைந்த அந்நாட்டில் ஐந்து தேசியப் பண்பலைச் சேவைகளுக்கே எண்ணற்ற கோபுரங்கள் வேண்டியிருந்தன. செலவைக் கருதி, 2017 ஜனவரி 11-ஆம் தேதி நூர்லான் பிரதேசத்தில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பருக்குள் தேசியப் பண்பலையை அரசாங்கம் அணைத்துவிட்டது. அதற்குச் சற்று முன் ஒரு பத்திரிகைக்காக நடந்த கருத்துக் கணிப்பில் 66 சதவீதத்தார் இதை எதிர்த்திருந்தார்கள். உள்ளூர் நிலையங்கள் பலவோ பண்பலையிலேயே தொடர்ந்தன.

பிரிட்டனில் 2009-ஆம் ஆண்டின் அரசாங்க அறிக்கை, 2015-ஐ எண்முறைக்கு மாறும் ஆண்டாகக் குறித்தது. வானொலி கேட்பதில் பாதிப் பங்கு எண்முறைக்கு வரவேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் நிறைவேறாததால், 2013 டிசம்பரில் அந்த நோக்கம் ஒத்திவைக்கப்பட்டது. 2018-இல் அப்பாதி எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோதும், தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் கேட்டவர்கள் அக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. 2021-இல் வெளியான அரசாங்க ஆய்வு, பண்பலை குறைந்தது 2030 வரையாவது நீடிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு அது காரணமாகக் காட்டியது முதியவர்களையும், பழைய கார் வைத்திருப்பவர்களையும், டி.ஏ.பி. அலை சரிவர எட்டாத ஊர்களில் வாழ்பவர்களையுமே.